எட்டு ரோலும் பத்து ரோலும்

என் வீட்டுக்காரருக்கு விலை சொல்லத் தெரியாது. இதை நான் புகாராகச் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் புகாராகச் சொல்லிப் பார்த்து, ஓய்ந்துபோய், இப்போது வெறும் தகவலாகச் சொல்கிறேன்.

வால்பேப்பர் ஒட்டுவது அவர் தொழில். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே அதுதான். "வால்பேப்பர் வீட்ல இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் வருவார்கள். நானும் சளைக்காமல், "இருக்காரு, காஞ்சுக்கிட்டிருக்காரு" என்பேன். அவர் ஒட்டிய சுவரில் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நகத்தால் தடவித்தான் தேட வேண்டும். சுவர் கோணலாக இருந்தால் அந்தக் கோணல் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற மாதிரி ஒட்டுவார். அவசரத்தில் செய்த வேலை என்று ஒன்றைக்கூட அவர் கையில் நான் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் "எவ்வளவு ஆகும்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். மென்று விழுங்குவார். கூரையைப் பார்ப்பார். ஒருவழியாக ஒரு எண்ணைச் சொல்வார். கேட்டவர் இரண்டு விநாடி பேசாமல் இருந்தால் இவரே குறைத்துவிடுவார். ஒரு பல் டாக்டர், விலையைக் கேட்ட நேரத்தில் தும்மல் வந்து மூக்கைச் சுருக்கியிருக்கிறார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இவர் நூறு குறைத்துவிட்டார். தும்மி முடித்த பிறகு இன்னொரு ஐம்பது. அந்த டாக்டர் இன்றைக்கும் தெருவில் பார்த்தால் என் வீட்டுக்காரரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார். கும்பிடாமல் என்ன செய்வார்?

போன வருஷக் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு வேலைகள் கையைக் கடித்தன. வேலை முடிந்து, காகிதக் கடைக்குக் கொடுத்ததுபோகக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மகள் காலேஜில் சேர்ந்த வருஷம் அது. என் தம்பி ஒரு பெரிய கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறான். வாசலில் உட்கார்ந்து வருகிற சரக்கை எண்ணிக் கையெழுத்துப் போடுகிற வேலை ஒன்று காலியாக இருந்தது. "மாமாவுக்குச் சம்மதம்னா ஒரு மாசம் வரைக்கும் யாரையும் போடாம வெச்சிருக்கேன்க்கா" என்றான். நிலையான சம்பளம், நிழலில் உட்கார்ந்த வேலை. என் மனசு அங்கேதான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

இவரிடம் சொன்னேன். சண்டை போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. "அடுத்த வேலை ஒண்ணு வருது. இதுல கூலி நின்னுதுன்னா பாப்போம். நிக்கலைன்னா நான் கிடங்குக்கே போயிடறேன்" என்றார். சொல்லிவிட்டு, பசை பிரஷ்ஷை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் கழுவ ஆரம்பித்தார். அது காலையிலேயே கழுவிக் காய வைத்த பிரஷ். அவர் கத்தியிருந்தால் தேவலை.

ஆக, எல்லாமே அந்த ஒரு வேலையின் விலையில் வந்து நின்றது. அவருக்கு விலை சொல்லப் பழக்கிவிடுவது என்று நானே முடிவு செய்தேன். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ்தான் வாடிக்கையாளர். இவர் அதன் முன்னால் நின்று விலை சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜ் பதில் பேசாது, அதுதான் பாடமே. அளவெடுக்கிற இரும்பு டேப் ஒன்று இவர் இடுப்பில் எப்போதும் தொங்கும். அதை வைத்து ஒரு சட்டம் போட்டேன்: "எண்ணைச் சொல்லுங்க. சொன்னதும் டேப்பை விடுங்க. அது சுருண்டு உள்ள போய் முடியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அதுக்கப்புறமும் திறக்கக் கூடாது." முதல் நாள் ஃபிரிட்ஜுக்கே இருபது குறைத்தார். நாலாம் நாள் தேறிவிட்டார்.

அந்த வேலையைக் கொடுத்தவர் ஒரு தையல்கார அம்மா. அறுபது வயது இருக்கும். தனி வீடு, முன்னறையில் இரண்டு தையல் மெஷின். அதை அடுத்த அறையில்தான் வருகிறவர்களுக்கு அளவெடுப்பதும், தைத்ததைப் போட்டுப் பார்க்கச் சொல்வதும். அந்த அறைக்குத்தான் வால்பேப்பர். கறாரான அம்மா என்று கேள்விப்பட்டிருந்தேன். பொத்தான் விலையைக்கூடத் தனியாகச் சொல்லித்தான் வாங்குவாராம். எனக்குப் பயம்தான்.

இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "காகிதம், பசை, கூலி எல்லாம் சேத்து தொள்ளாயிரத்து அம்பது சொன்னேன். டேப்பை விட்டேன். அந்த அம்மா என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் டேப்பையே பாத்துக்கிட்டிருந்தேன். சரின்னுட்டாங்க."

"குறைக்கலையே?"

"ஒத்தக் காசு குறைக்கல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டுக்கூடச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்.

ஆள் வைத்தால் அதற்கும் கூலி போகும் என்று பசை தடவ நானே கூடப் போனேன். முதல் நாள் பழைய காகிதத்தை உரிக்கிற வேலை. ஸ்பாஞ்சால் தண்ணீர் ஒற்றி, ஊறவிட்டு, கீழிருந்து மேலாகச் சுரண்ட வேண்டும். அந்த அறையில் இருந்ததும் பெரிய பெரிய பூப்போட்ட காகிதம்தான், நிறம் செத்துப்போயிருந்தது. அந்த அம்மாவுக்குப் பூ என்றால் ஆசை போலும், புதுசுக்கும் பெரிய பூவாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

இந்தத் தொழில்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காகிதம் ஒட்டுவதற்கு முன்னால் வெறும் சுவரில் பென்சிலால் எதையாவது எழுதிவைப்பார்கள். தேதி, எத்தனை ரோல் பிடித்தது, சுவர் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, இப்படி. அதன்மேல் காகிதம் ஏறிவிடும், அந்த வீட்டில் இருப்பவர்கள் கண்ணிலேயே படாது. எத்தனையோ வருஷம் கழித்து உரிக்கிறவன் படித்துக்கொள்வான். சிலர் வம்பும் எழுதுவார்கள். "இந்த வீட்டில் டீ பிரமாதம்" என்று ஒருமுறை பார்த்தோம். அது உண்மைதான் என்று சாயந்திரம் தெரிந்தது. ஒவ்வொரு சுவரையும் உரிக்கும்போது இவர் கடிதம் பிரிக்கிற மாதிரிதான் பிரிப்பார்.

ஜன்னல் இல்லாத சுவரில், தோள் உயரத்தில், எழுத்து தெரிந்தது. ஈரம் பட்டதில் லேசாகக் கலங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. முப்பத்தேழு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி. அதற்குக் கீழே: "ரோல் 10. பூ பெரிசு. 8 சொல்லி மாட்டிக்கிட்டேன்."

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. சுரண்டியைக் கீழே வைத்தார். மூலையில் அடுக்கியிருந்த புது ரோல்களில் ஒன்றை எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். எட்டு ரோல்கள் அங்கே இருந்தன. இவர் சொன்னதும் எட்டுதான்.

விஷயம் இதுதான். ஒரு ரோல் பத்து மீட்டர் நீளம். அந்தச் சுவரின் உயரத்துக்கு, மேலும் கீழும் வெட்டுவதற்குக் கொஞ்சம் சேர்த்து, இரண்டேகால் மீட்டருக்கு மேலே, இரண்டரைக்குள் ஒரு துண்டு வேண்டும். வெறும் காகிதமோ சின்னப் புள்ளியோ என்றால் ஒரு ரோலில் நாலு துண்டு கிடைக்கும். பெரிய பூ என்றால் அப்படி இல்லை. பக்கத்துத் துண்டில் பாதிப் பூ எங்கே நிற்கிறதோ, அங்கேதான் இந்தத் துண்டின் மீதிப் பூ வர வேண்டும். அதற்காக ஒவ்வொரு துண்டிலும் ஒரு சாண் வீணாகும். ஒரு சாண்தானே என்று தோன்றும். அந்த ஒரு சாணில் நாலாவது துண்டு போய்விடும். ரோலுக்கு மூன்றுதான். அறை முழுக்க இருபத்தெட்டு முழுத் துண்டுகள். எட்டு ரோல் எப்படிக் காணும்?

"பூவுக்கு எவ்வளவு வீணாகும்னு சாம்பிள் புத்தகத்துலயே போட்டிருக்குமே. பாக்கலையா நீங்க?"

அவர் ரோலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "விலையைச் சொல்லணும், சொல்லிட்டு வாயை மூடணும்னு அதையே நெனச்சுக்கிட்டுப் போனேன். புத்தகத்தைத் திருப்பிப் பாக்கணும்னே தோணல."

இருபத்தைந்து வருஷத் தொழிலில் அவர் செய்யாத தவறு அது. நான் பழக்கிக் கொடுத்து அனுப்பியதில் செய்திருக்கிறார். எனக்கு அப்படியே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டுவிடலாம் போல இருந்தது.

அவர் காகிதக் கடைக்குப் போன் போட்டார். ஒரே தடவையில் அச்சடித்த ரோல்களுக்கு ஒரே எண் இருக்கும். எண் மாறினால் நிறம் ஒரு பொடி மாறும், சுவரில் அது அப்பட்டமாகத் தெரியும். நல்லகாலம், அதே எண்ணில் மூன்று ரோல்கள் கடையில் இருந்தன. நாலு மணிக்குள் வந்தால் தருவதாகச் சொன்னார்கள். "ரெண்டு எடுத்து வைங்க, நாலு மணிக்குள்ள வந்துடறேன்" என்றார் இவர். ஒரு ரோல் எழுபது. பூவுக்குப் பூ சேர்த்து ஒட்ட ஒரு நாள் கூடப் பிடிக்கும். மூன்று நாள் கூலி நாலு நாளாக நீண்டு, அதிலும் நூற்று நாற்பது போய்விட்டால், கிடங்கு வாசலில் உட்கார்ந்து கிடைப்பதில் பாதிகூட நிற்காது. இது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

"அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க" என்றேன், முன்னறைக்குக் கேட்காத குரலில்.

"சொன்னது சொன்னதுதான். தப்பு என்னுது. அவங்க எதுக்குக் குடுக்கணும்?"

"பேப்பர் அவங்க சுவத்துலதானே இருக்கப்போகுது? மிச்ச ரெண்டையும் நீங்களா வீட்டுக்குத் தூக்கிட்டு வரப்போறீங்க?"

"விடு."

"கிடங்குல போய் மூட்டை எண்ணப்போறீங்களா?"

"எண்ணறேன். எண்ணத் தெரியாதா எனக்கு?"

தெரியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்போதுதான் முன்னறையில் தையல் மெஷின் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். அது இன்னும் காட்டிக்கொடுத்துவிட்டது. கழுத்தில் துணி டேப்பும், கையில் மூக்குக் கண்ணாடியுமாக அந்த அம்மா வந்து வாசலில் நின்றார்.

"என்னம்மா, உரிக்கிற சத்தமே காணோம்?"

அந்த அம்மாவின் பார்வை சுவருக்குப் போனது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். படித்தார். திரும்பவும் படித்தார். நான் எழுத்தை மறைத்துக்கொண்டு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அதை வேண்டுமென்றேதான் செய்தேன்.

"அந்த ஆள் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசு. இது என் மாமனார் ரூம். பாதி ஒட்டிட்டுப் போன மனுஷன் ரெண்டு நாள் வரவே இல்ல. மூணாம் நாள் ரெண்டு ரோலைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வந்தாரு. வேலையைப் பாதியில போட்டுட்டுப் போயிட்டியேன்னு மாமனார் வாசல்லயே நிக்கவெச்சுத் திட்டினாரு. அவர் ஒரு வார்த்தை பேசல. பேசின காசை வாங்கிட்டுப் போயிட்டாரு. ரெண்டு ரோலும் தன் காசுன்னு யாருக்கும் தெரியாது." எழுத்தின் மேல் படாமல் அதன் அருகே விரலை வைத்தார். "சுவத்துக்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிருக்காரு."

பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க எத்தனை சொன்னீங்க?"

இவர் கூரையைப் பார்த்தார். கையில் ரோல் இருந்தது, ஒளிக்கக்கூட இடமில்லை.

"எட்டு" என்றார்.

"சரி. முதல்ல திட்டை முடிச்சிடறேன்" என்றார் அந்த அம்மா. முடித்தார். ஒரு நிமிஷம் இருக்கும். அளவெடுப்பவன் அவசரப்படலாமா, கட்டம் போட்ட துணிக்கும் வெறும் துணிக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் கத்தரியைத் தொட்டிருக்கிறேனா, கட்டத்துக்குக் கட்டம் சேர வேண்டுமென்றால் அரை மீட்டர் கூட வாங்கி வா என்று முதலிலேயே சொல்லிவிட மாட்டேனா, இத்தனை வருஷத் தொழில்காரர் இப்படியா செய்வது. இவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். எனக்கு அந்தத் திட்டில் ஒரு பங்கு உண்டு என்பதால் நானும் குனிந்துகொண்டேன்.

"திட்டு முடிஞ்சிது. அது தப்புக்கு. பேப்பருக்குக் கணக்கு வேற. பேப்பர் என் சுவத்துல இருக்கப்போகுது, நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப் போறதில்ல. பூவைத் தேடிப் புடிச்சதும் நான்தான். முதல்லயே சரியாச் சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேனா? மாட்டேன். இப்ப சரியாச் சொல்லுங்க. எவ்வளவு?"

நான் சொன்னதையேதான் அந்த அம்மாவும் சொன்னார். நான் சொன்னபோது "விடு" என்ற மனுஷர் இப்போது மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். அதை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"ஆயிரத்துத் தொண்ணூறு" என்றார் இவர், வாய்க்குள்ளேயே.

"அது ரெண்டு ரோலுக்கு. பூவுக்குப் பூ சேக்கற கூலி? கட்டத்துக்கு நான் தனியா வாங்குவேன், தெரியுமில்ல?"

இவர் என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தேன். சொல்லிக்கொடுத்ததெல்லாம் போதும் என்று இருந்தது. என் வாயைத் திறந்தாலே ஏதாவது கெட்டுப்போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கையிலிருந்த ரோலின் சீட்டைத் திருப்பி இன்னொரு தரம் படித்தார். நிதானமாகச் சுவரை ஒரு சுற்று பார்த்தார், உதடு அசையாமல் எண்ணினார். அதன் பிறகு இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து ஒரு முழம் இழுத்தார். எதையும் அளப்பதற்காக இல்லை.

"ஆயிரத்து இருநூறும்மா."

டேப்பை விட்டார். அது சரசரவென்று சுருண்டு உள்ளே போனது. அந்த அம்மா பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பால் ஒரு பக்க வில்லையைத் துடைத்தார். இன்னொன்றையும் துடைத்தார். தும்மலுக்கே நூற்றைம்பது குறைத்த மனிதருக்கு இது பெரிய சோதனை. இவர் அசையவில்லை. டேப்பைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது நியாயம்" என்றார் அந்த அம்மா. "போய் ரோலை வாங்கிட்டு வாங்க, நாலு மணிக்குக் கடையை மூடிடப்போறான்."

நாங்கள் பேசியது எல்லாமே முன்னறைக்குக் கேட்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. பிடித்துக்கொண்டேன். பசைக் கையாக இல்லாதது நல்லதாயிற்று.

நாலு நாள் வேலை. பூவோடு பூ சேர்ந்து, அறைக்குள் நுழைந்தால் எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. நாலாம் நாள் மத்தியானம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, மாமா என்ன சொல்றாரு? நாளைக்கு நான் பதில் சொல்லியாகணும்."

"வேற ஆளைப் பாத்துக்கோடா."

"கூலி நின்னுதா?"

"நின்னுது."

"அப்பாடா" என்றான். ஒரு மாதம் எங்களுக்காகத் தன் மேலதிகாரியிடம் பொய்க்கு மேல் பொய் சொல்லி அந்த இடத்தைக் காத்து வைத்திருந்தவன் அவன். கொஞ்சமும் கோபப்படவில்லை. இந்த மாதிரித் தம்பி கிடைக்க நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

எழுத்து இருந்த சுவரை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். அதிலும் அந்த எழுத்தின்மேல் வர வேண்டிய துண்டுதான் கடைசித் துண்டு. நான் மடக்கு மேசையில் பசை கலந்துகொண்டிருந்தபோது, அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டு எழுதினார். வழக்கமாகத் தேதியும் ரோல் கணக்கும் எழுத அரை நிமிஷம் போதும். அன்றைக்கு நேரமெடுத்தது. அவர் நகர்ந்த பிறகு போய்ப் பார்த்தேன்.

பழைய எழுத்துக்கு நேர் கீழே, தேதி போட்டு எழுதியிருந்தார்:

"அண்ணே, நீங்க எழுதினதைப் பாத்தோம். ரொம்ப நன்றி. ரோல் 10. அடுத்து வர்றவரு பயப்படாம முழு விலை கேளுங்க. இந்த வீட்ல குடுப்பாங்க."

அதை மூடப்போகிற துண்டுக்குப் பசை தடவியது நான்தான். கண்ணீர் மறைத்ததில் ஒரு ஓரத்தை விட்டுவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி, விட்ட இடத்தைத் தடவிக்கொண்டு, துண்டைத் தூக்கி ஏணியில் ஏறினார்.